ஆதித்த கரிகாலன் கொலை வழக்கில் எங்களுடன் வாதாடிய அனைவருக்கும் நன்றி

பெருமதிப்பிற்குரிய பெரியோர்களுக்கும் வாசக நண்பர்களுக்கும் வணக்கம்.

கும்பகோணத்தில் எங்கள் வாசிப்பு வட்டம் கல்கி எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ என்ற சோழர்கால வரலாற்று நாவலின் ஐந்து பாகங்களையும் வரிசையாகப் படித்து முடித்திருக்கிறது. சோழப் பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார், பழுவூர் இளையராணி நந்தினியின் தந்தை யார் என்ற இரண்டு கேள்விகளுக்காகவே கூடியவர்கள் நாங்கள். கூட்டங்களை ஒருங்கிணைத்தவள் என்ற முறையில், உடன் நின்றவர்களுக்கு வெளிப்படையாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முதலில் கிளை நூலகத்தின் நூலகர். பல பதிப்பகங்களின் பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, பக்க எண் ஒத்துவராமல் நாங்கள் திண்டாடியபோது, “பாகத்தையும் அத்தியாயத் தலைப்பையும் சொல்லிவிட்டுப் பேசுங்கள்” என்று அவர் வகுத்துத் தந்த முறைதான் இந்த விவாதத்தைக் காப்பாற்றியது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் வந்த திரைப்படங்களைப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்த இளைஞர்கள், பிறந்த உடனே இரு குழந்தைகள் இடம்மாறுவதை, படத்தில் இடம்பெறாத அந்தச் செய்தியை, நாவலில் கண்டு வியந்தார்கள். திரையில் பார்த்தது எது, கல்கி எழுதியது எது என்று அவர்களால் பிரித்தறிய முடிந்ததற்கும் அந்த முறையே காரணம்.

தாராசுரத்திலிருந்து வந்த அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 1950-இல் தொடங்கிய தொடரை வாரந்தோறும் கத்தரித்து அவருடைய தாயார் நூலால் தைத்து வைத்திருந்த தொகுப்பை, மணியம் ஓவியங்களோடு எங்கள் மேசைமேல் வைத்தார். நந்தினியின் தாயான ஊமைப் பெண் மந்தாகினி வரும் ஓர் அத்தியாயத்தின் ஓரத்தில், மங்கிய பென்சில் எழுத்தில், “அப்படியானால் குழந்தை எங்கே?” என்று எழுதியிருந்தது. அடுத்த வார இதழுக்காகக் காத்திருந்த ஒரு வாசகியின் கேள்வி அது. அதே கேள்வியைத்தான் நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அந்தக் கேள்வியைப் பற்றிக்கொண்டு, சோழ அரசி செம்பியன் மாதேவி வரும் இடங்களை எல்லாம் மீண்டும் படிக்கச் சொன்னவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர். தாம் வளர்த்த மதுராந்தகன் அரியணை ஏறக்கூடாது என்று மாதேவி பிடிவாதமாக நிற்பதை, கணவர் கண்டராதித்தருக்குக் கொடுத்த வாக்கு என்றுதான் முதல் வாசிப்பில் எடுத்துக்கொள்கிறோம். மதுராந்தகன் தம் வயிற்றுப் பிள்ளை அல்லன் என்பதை அவர் அறிந்தே இருந்தார் என்று தெரிந்தபின் படித்தால், அவருடைய ஒவ்வொரு தயக்கமும் வேறு பொருள் தருகிறது. தளிக்குளத்தார் கோயிலுக்குப் பூத்தொடுத்துத் தேவாரம் பாடும் சேந்தன் அமுதனை, மாதேவியின் உண்மையான மகனை, நம் கண்ணெதிரே நடமாடவிட்டே கல்கி அந்த இரகசியத்தைக் காத்திருக்கிறார். ஓட்டை என்று நாங்கள் குறித்து வைத்திருந்த பல இடங்கள் இப்படித்தான் தடயங்களாக மாறின.

கடம்பூர் மாளிகையில் நடக்கும் கரிகாலன் கொலையை ஒரு வழக்காகவே நடத்தித் தந்த வழக்கறிஞருக்கும் நன்றி. விளக்கு அணைந்துவிடுகிறது, அம்மாளிகைத் தலைவரின் மகள் மணிமேகலை தானே கொன்றதாகச் சொல்கிறாள், நந்தினியின் கணவர் பெரிய பழுவேட்டரையர் பழியைத் தம்மீது ஏற்கிறார், சிறைப்படுபவனோ கதாநாயகன் வந்தியத்தேவன். யாரையோ காப்பாற்றுவதற்காகச் சொல்லப்படும் ஒப்புதலைச் சான்றாகக் கொள்ள முடியாது என்று அவர் எடுத்துக்காட்டிய பிறகு, பழுவேட்டரையரே குற்றவாளி என்று அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள்கூட அந்த அத்தியாயங்களை முதலிலிருந்து புரட்டினார்கள்.

காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக்கு எங்களை அழைத்துச் சென்ற கல்வெட்டறிஞரின் உதவி தனிச் சிறப்புடையது. வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று குதிரையில் வரும் வீரநாராயண ஏரி அந்த ஊரை ஒட்டியே கிடக்கிறது என்பதும், கொலையாளிகளின் பெயர் பொறித்த கல்லும் அங்குள்ள அனந்தீசுவரர் கோயிலில்தான் இருக்கிறது என்பதும் எங்களில் பலருக்குப் புதிய செய்தி. இராசராசனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டில் சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகிய பெயர்களை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்துக்காட்டினார். நாவலில் பாண்டியனின் ஆபத்துதவிகளாக, அதாவது அவனுக்காக உயிரைக் கொடுக்கச் சபதமேற்ற மெய்க்காவலர்களாக வருபவர்கள், கல்லில் அரசு அதிகாரிகளுக்குரிய பட்டங்களோடு நிற்கிறார்கள். பின்னர் அரியணை ஏறிய உத்தம சோழனுக்கு இக்கொலையில் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர் நீலகண்ட சாஸ்திரியார் ஐயுற்றதையும், சதாசிவப் பண்டாரத்தார் அதை மறுத்ததையும் ஒரு பக்கமும் சாயாமல் அவர் விளக்கியது, வரலாற்றையும் கதையையும் நாங்கள் போட்டுக் குழப்பிக்கொள்ளாமல் தடுத்தது.

நந்தினியின் தந்தை கரிகாலனின் தந்தையான சுந்தர சோழரா, பாண்டிய மன்னன் வீரபாண்டியனா என்பதில் இறுதிவரை உடன்பாடு ஏற்படவில்லை. பாதாளச் சிறையில் கிடந்த கருத்திருமன் சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்தான் முடிச்சு இருக்கிறது என்பது என் கருத்து. அதை ஏற்காமல், ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதிய மேற்கோளோடு வந்து என்னை மறுத்த கல்லூரி மாணவிக்குக் கூடுதலாகவே நன்றி சொல்ல வேண்டும். அவருடைய மறுப்புகளுக்கு விடை தேடித்தான் ஐந்தாம் பாகத்தை நான் இவ்வளவு நெருங்கிப் படித்தேன்.

கதைமாந்தர் உறவுமுறைப் படத்தை வரைந்து தந்த தம்பிகளுக்கும், சுக்குக் காப்பி கொடுத்து உபசரித்த குடும்பத்தாருக்கும் எங்கள் அன்பு. அந்தப் படத்தையும், இருதரப்பு வாதங்களையும் அத்தியாய வாரியாகத் தொகுத்த குறிப்பேட்டையும் நூலகத்தில் ஒப்படைத்திருக்கிறோம். மாற்றுக் கருத்து உடையவர்கள் எழுதுவதற்காக அதன் வலப்பக்கங்களை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

இங்ஙனம்,
வாசிப்பு வட்ட ஒருங்கிணைப்பாளர்,
கும்பகோணம்