வழக்கறிஞர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், மூத்த வழக்கறிஞர்களுக்கும், சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான செயல்பாட்டு அறிக்கையை இந்தப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

செயற்குழு ஆண்டில் 9 முறை கூடியது. புதிய குற்றவியல் சட்டங்களை எதிர்த்துத் தமிழக வழக்கறிஞர்கள் நடத்திய போராட்டத்தில் நாமும் பங்கேற்றோம். 2024 ஜூலை 1 முதல் அவை அமலுக்கு வந்துவிட்டதால் மூன்று சட்டங்களுக்கும் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கினோம். சுதந்திர தினம், ஆயுத பூஜை, பொங்கல், குடியரசு தினம், மகளிர் தினம் வழக்கம்போல் நடந்தன. கண் பரிசோதனை முகாம் ஒன்று நடத்தினோம். மறைந்த இரு மூத்த உறுப்பினர்களுக்கு அஞ்சலிக் கூட்டம் நடந்தது. பெண் வழக்கறிஞர்கள் அறையில் குழாய் சரிசெய்யப்பட்டது.

இனி, இந்த ஆண்டு அதிகம் பேசப்பட்டதும், சிலருக்கு என் மேல் வருத்தம் வரக் காரணமானதுமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருப்பதால் முழுதாகச் சொல்வது என் கடமை.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கோர்ட் உட்காருவதற்கு முன், பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒருவர் சங்க அறைக்கு வந்தார். கையிலிருந்த செல்போனை என் மேஜை மேல் வைத்து, "சார், இது உங்க சங்கத்து வக்கீல்தானே?" என்று கேட்டார். நம் உறுப்பினர் ஒருவரின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து அவருக்கு அனுப்பியிருந்தார்கள். போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தின் கீழ் வந்த வழக்கு ஒன்றில் ஜாமீன் கிடைத்த உத்தரவின் முதல் பக்கம். மேலே 'மீண்டும் ஒரு வெற்றி' என்று எழுதி, பக்கத்தில் நெருப்புப் படம் மூன்று. குழந்தையின் பெயர் மேல் கறுப்புக் கோடு இழுத்திருந்தது. ஆனால் அதற்கு இரண்டு வரி கீழே, புகார் கொடுத்த தாயின் பெயரும் தெருவும் ஊரும் அப்படியே இருந்தன. அந்தத் தெருவில் அந்தப் பெயரில் ஒரே ஒரு அம்மாதான். வந்தவர் குழந்தையின் தாய்மாமன். "புள்ள பள்ளிக்கூடம் போகமாட்டேங்குது சார்" என்றவர், போனை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். புகார் மனு எதுவும் தரவில்லை.

அந்த உறுப்பினரின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. நான் கூப்பிட்டுச் சொன்ன ஐந்தாவது நிமிடம் ஸ்டேட்டஸை எடுத்துவிட்டார். "பெயரைத்தான் மறைச்சுட்டேனே சார்" என்றார். கெட்ட எண்ணம் இல்லாத பிள்ளை அவர். நம்மில் பலரும் அடையாளம் என்றால் பெயர் மட்டும்தான் என்று நினைக்கிறோம். போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவு பெயரோடு நிற்கவில்லை. முகவரி, படம், குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி, குழந்தையை அடையாளம் காட்டக்கூடிய வேறு எந்த விவரமும் ஊடகத்தில் வெளியே போகக்கூடாது என்கிறது. வல்லுறவு வழக்குகளில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டினால், புதிய குற்றவியல் சட்டங்களில் ஒன்றான பாரதிய நியாய சன்ஹிதா 72ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை. ஸ்டேட்டஸ் ஊடகம் ஆகுமா ஆகாதா என்று நாம் கோர்ட்டில் வாதாடலாம். அந்தத் தாய்மாமனிடம் அதை என்னால் வாதாட முடியவில்லை.

அந்த வாரமே நான் எழுத ஆரம்பித்ததுதான், சமூக வலைத்தளத்தில் வழக்கறிஞர்கள் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்ற இரண்டு பக்க ஒழுங்குக் குறிப்பு. எட்டு முறை திருத்தி, செயற்குழுவின் ஒப்புதல் பெற்று, அக்டோபரில் வெளியிட்டோம். செயலாளராக நான் புதுச் சட்டம் போடுகிறேன் என்று சொன்னவர்களுக்கு ஒரு விளக்கம். அதில் இருப்பது பெரும்பாலும் நாம் வழக்கறிஞராகப் பதிவு செய்த அன்று ஏற்றுக்கொண்டதுதான். வழக்கறிஞர் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சிலின் விதி 36, நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. நாம் நடத்தும் வழக்கையொட்டிப் பத்திரிகையில் படம் வரவைக்கக்கூடாது, பெயர்ப் பலகையில் இன்ன வழக்கில் நிபுணர் என்று போடக்கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. பத்திரிகைக்குப் பொருந்துவது இன்ஸ்டாகிராமுக்கும் பொருந்தும். 2008 திருத்தத்தில் இணையதளம் வைத்துக்கொள்ள அனுமதி வந்தது. அதிலும் பெயர், முகவரி, தொலைபேசி, பதிவு எண், தகுதி, எந்தத் துறையில் வழக்கு நடத்துகிறோம் என்பது வரைக்கும்தான். 'மாவட்டத்தின் நம்பர் ஒன் விவாகரத்து வக்கீல்' என்பதற்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், ஆன்லைன் தளங்கள் வழியாக வழக்குப் பிடிப்பவர்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. 2025 மார்ச்சில் இந்திய பார் கவுன்சிலே சமூக வலைத்தள விளம்பரத்தைக் கண்டித்து அறிக்கை விட்டது. புகார் போனால் வழக்கறிஞர் சட்டம் 35ஆவது பிரிவு. கண்டிப்பில் தொடங்கிப் பெயர் நீக்கம் வரை போகும்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே கழுத்தில் வெள்ளைப் பட்டையும் மேலே கறுப்புக் கவுனும் போட்டுக்கொண்டு ரீல்ஸ் எடுத்தவரிடமும் இதைத்தான் சொன்னேன். விசேஷ நிகழ்ச்சி தவிர கோர்ட்டுக்கு வெளியே பொது இடத்தில் அவற்றை அணியக்கூடாது என்பது அதே விதிகளில் இருக்கிறது. அவர் புரிந்துகொண்டு எடுத்துவிட்டார், நன்றி.

ஒரு ஜூனியர் கேட்டது நியாயமான கேள்வி. "எனக்கு அப்பா வக்கீல் இல்லை, பெரிய சீனியர் இல்லை. போனில்கூட முகம் காட்டாவிட்டால் கட்சிக்காரர் எப்படி வருவார்?" இதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனம் வரவில்லை. நானும் வாய்தா வாங்கிக்கொடுத்தே மூன்று வருடம் ஓட்டியவன்தான். குறிப்பின் இரண்டாம் பக்கம் அவருக்காகவே எழுதியது. சட்டத்தைப் பொதுவாக விளக்கலாம், தாராளமாக விளக்கலாம். வாரிசுரிமை, பட்டா மாறுதல், காசோலை வழக்கு என்று மக்களுக்குத் தெரியாதது எவ்வளவோ இருக்கிறது. நம் பெண் உறுப்பினர் ஒருவர், சட்டப் பணிகள் சட்டம் 12ஆவது பிரிவின்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு என்று மூன்று நிமிட வீடியோ போட்டார். அலுவலக முகவரி போடவில்லை, வழக்கு எதையும் பேசவில்லை. அதைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் வட்ட சட்டப் பணிகள் குழுவுக்கு வந்தார்கள். இதைவிட நல்ல பெயர் எந்த விளம்பரத்தில் கிடைக்கும்?

குறிப்பை விளக்க நான்கு சனிக்கிழமை வகுப்பு வைத்தோம். 68 உறுப்பினர்களில் முதல் வகுப்புக்கு 23 பேர், கடைசி வகுப்புக்கு 7 பேர். அந்த ஏழு பேரில் நான்கு பேர் 30 வருடம் தாண்டிய சீனியர்கள், வாட்ஸ்அப்பே அதிகம் தொடாதவர்கள். யாருக்காக வைத்தோமோ அவர்கள் வரவில்லை. அதே சனிக்கிழமை மாலை நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நீதிபதியின் இடமாற்றம் பற்றி 60 செய்திகள் ஓடின. அப்புறம், செயலாளர் எல்லோருடைய ஸ்டேட்டஸையும் வேவு பார்க்கிறார் என்று ஒரு பேச்சு. நான் யாருடையதையும் தேடிப் பார்க்கவில்லை. மேஜைக்கு வந்ததைத்தான் பார்த்தேன். இதை எந்த உறுப்பினர் முன்பும் சொல்லத் தயார்.

சரி, சந்தா. 31 பேர் முழுச் சந்தாவும் கட்டியிருக்கிறார்கள். மற்றவர்களில் சிலர் இரண்டு ஆண்டு பாக்கி. ஒரு மாதம் வாங்கும் வக்காலத்துக் கட்டணத்தில் ஒரு பங்கைச் சங்கத்துக்கு ஒதுக்கினாலே இந்தப் பாக்கி தீர்ந்துவிடும். நூலகத்துக்கு வாங்கிய புத்தகத்தில் பாதித் தொகை இன்னும் கடைக்காரருக்குப் பாக்கி. அவர் நம்மை நம்பித்தான் கொடுத்திருக்கிறார். வரவும் செலவும் ஏறக்குறைய சமமாக இருக்கின்றன; விவரம் பொருளாளர் அறிக்கையில் உள்ளது, பற்றுச்சீட்டுகள் அலமாரியில் பார்வைக்கு உள்ளன.

தலைவர் அவர்களுக்கும், துணைத் தலைவர், பொருளாளர், செயற்குழுவினர் அனைவருக்கும், நீதிமன்ற ஊழியர்களுக்கும், குமாஸ்தாக்களுக்கும், குறிப்பைத் தட்டச்சு செய்து தந்த தம்பிக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுத் தேர்தலில் நான் நிற்பேனா என்று சிலர் கேட்டார்கள். உடம்பு ஒத்துழைக்கிறது, வேலையும் பாதியில் நிற்கிறது. ஆனால் 7 பேரை வைத்துக்கொண்டு இதை முடிக்க முடியாது. இரண்டு இளம் உறுப்பினர்கள் பொறுப்பெடுத்து, ஜூனியர்களிடம் அவர்கள் பாஷையில் பேச முன்வந்தால் நான் பின்னால் நிற்கிறேன். செயலாளர் நாற்காலியில் யார் இருந்தாலும் சரி. வழக்கு ஆவணங்களைப் படமெடுத்துப் போடமாட்டேன் என்ற உறுதிமொழித் தாளில் இதுவரை 41 கையெழுத்து விழுந்திருக்கிறது. அந்தத் தாள் நூலக அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறது, பேனாவும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். மீதி 27 பேரும் சாப்பிடப் போகும் வழியில் அங்கே ஒரு நிமிடம் நிற்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்