கிளீனிங் பட்டனிலிருந்து கையை எடு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. புது வீட்டுக்குக் குடி போனதும் மகள் கல்லூரியில் சேர்ந்ததும் படிக்க நன்றாக இருந்தது. மீதிப் பாதிக் கடிதம் முழுக்க பிரிண்டருக்கு விழுந்த திட்டு. கறுப்பிலும் நீலத்திலும் குறுக்கே வெள்ளைக் கோடு விழுகிறது, கிளீனிங் ஓட்ட ஓட்ட இன்னும் மோசமாகிறது, வைஃபையில் 'ஆஃப்லைன்' என்கிறது, தாள் இரண்டு மூன்றாக உள்ளே போகிறது. நாலும் ஒரே நேரத்தில் வந்ததால் மெஷினே போய்விட்டது என்று நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீடு மாறியதும் இதுவும் ஒரே வாரத்தில் நடந்திருக்கிறது, கவனித்தாயா?

முதலில் அந்த கிளீனிங்கை நிறுத்து. கிளீனிங் என்றால் உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? தாளில் மை தெளிக்கிற ஹெட் வலது ஓரமாகப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்காரும். அடியில் இருக்கிற சின்ன பம்ப், ஹெட்டின் நாசில் என்கிற நுண்துளைகள் வழியாக மையை உறிஞ்சி, கழிவு மையைக் குடிக்கிற வேஸ்ட் பேடில் கொட்டும். அதாவது ஒவ்வொரு தடவையும் நல்ல மையைத்தான் செலவழிக்கிறாய். அந்தப் பேட் எவ்வளவு குடித்தது என்று பிரிண்டர் உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கும். கணக்கு எல்லையைத் தொட்டால் ஒரு பக்கம்கூட அடிக்க மாட்டேன் என்று நின்றுவிடும். சில மாடல்களில் நாமே கழற்றி மாற்றுகிற பெட்டியாக இருக்கும், மற்றவற்றில் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். கணக்கை மட்டும் சாஃப்ட்வேரில் பூஜ்யமாக்கிவிட்டு பேடை மாற்றாமல் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஒரு நாள் அடிவழியாக மை மேசையில் இறங்கும்.

உறிஞ்சுவதால் சரியாவது காய்ந்த மை அடைத்த நாசில் மட்டும்தான். குழாயில் காற்று புகுந்திருந்தாலோ, ரப்பர் மூடி சரியாகப் பதியாமல் ஓரத்தில் காற்று விட்டாலோ, பம்ப் மைக்குப் பதில் காற்றைத்தான் இழுக்கும். கிளீன் செய்யச் செய்ய மோசமாவது அதனால்தான்.

எது உன் கேஸ் என்று தெரிந்துகொள்ள இரண்டு தாள் போதும். மெனுவில் இருக்கிற நாசில் செக், அதாவது எல்லா நிறத்திலும் சோதனைக் கோடுகள் போடுகிற தாள், ஒன்று அடி. இடையில் கிளீனிங் எதுவும் செய்யாமல் இன்னொன்று அடி. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார். விடுபட்ட கோடுகள் இரண்டிலும் அதே இடத்தில் இருந்தால் அடைப்பு. ஒரு தாளில் இங்கும் மற்றதில் அங்குமாக இடம் மாறியிருந்தால் காற்று, அல்லது மூடி. ஒரு நிறம் முழுக்கவே வரவில்லை என்றால் ஹெட்டைச் சந்தேகிப்பதற்கு முன் மை அங்கே வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். மஞ்சள் மட்டும் வெள்ளைத் தாளில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. இருட்டு அறையில் போன் திரை முழுக்க நீல நிறம் வைத்து அந்த வெளிச்சத்தில் பார்த்தால் மஞ்சள் கோடுகள் கறுப்பாகத் தெரியும்.

உன்னுடையது டேங்க் பிரிண்டர், தொட்டியில் மை ஊற்றிக் குழாய் வழியாக ஹெட்டுக்குப் போகிற வகை. வண்டியில் ஏற்றும்போது சாய்த்தோ படுக்க வைத்தோ கொண்டுபோயிருப்பார்கள். அதனால் நான் காற்றின் மேல்தான் பந்தயம் கட்டுவேன். முதலில் டேங்க் பக்கவாட்டில் போக்குவரத்துக்கென்று ஒரு திருகு இருக்கிறதா பார். பழைய டேங்க் மாடல்கள் சிலவற்றில் இருக்கும். கொண்டுபோகும்போது மை ஓடாமல் மூடி வைக்கிற வால்வு அது. திறக்க மறந்திருந்தால் குழாயில் மிச்சமிருந்த மையில் சில பக்கம் நன்றாக வரும், பிறகு வெளுத்துக்கொண்டே போகும். அடுத்து, எல்லா டேங்கிலும் மை கீழ்க்கோட்டுக்கு மேலே இருக்கிறதா பார். சமதளத்தில் வை. பவர் பட்டனில் அணைத்து 12 மணி நேரம் தொடாதே. காற்றுக்குமிழிகள் மேலேறி ஒதுங்க அந்த நேரம் வேண்டும். பிறகு ஒரு நாசில் செக், ஒரே ஒரு சாதாரண கிளீனிங், மறுபடி நாசில் செக்.

அப்போதும் குழாயில் காற்று இடைவெளி கண்ணுக்குத் தெரிந்தால் பவர் கிளீனிங் என்று மெனுவில் இருப்பதை ஒரு தடவை ஓட்டலாம். அது குழாய் முழுவதிலும் உள்ள மையை இழுத்து மாற்றும், மை ஏராளமாகப் போகும். ஒவ்வொரு டேங்கிலும் மூன்றில் ஒரு பங்காவது மை இல்லாமல் தொடங்காதே. பாதியில் மை தீர்ந்தால் இன்னும் காற்றுதான் ஏறும். மறுபடி செய்ய வேண்டியிருந்தாலும் இடையில் 12 மணி நேரம் விடு.

மூடிதான் குற்றவாளி என்றால், ஹெட் நடுவில் நகரும்போது பிளக்கைப் பிடுங்கு. பிறகு ஹெட்டைக் கையால் மெதுவாக இடது பக்கம் தள்ளலாம். வலது ஓரத்தில் ரப்பர் விளிம்பும் நடுவில் ஸ்பாஞ்சும் தெரியும். விளிம்பில் கெட்டியாக ஒட்டியிருக்கிற மைக்கசடை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்த காட்டன் பட்ஸால் சுற்றிலும் துடை. ஸ்பாஞ்சில் நாலு சொட்டு விடு. கால் மணி நேரத்துக்குள் முடித்து மறுபடி பிளக்கைச் சொருகு, ஹெட் மூடியில்லாமல் நின்றால் காயும். பிளக்கைப் பிடுங்குவது இந்த வேலைக்கு மட்டும்தான். தினமும் சுவர் சுவிட்சில் அணைக்கிற வழக்கம் இருந்தால் விட்டுவிடு. பவர் பட்டனில் அணைத்தால்தான் ஹெட் தன் மூடியில் போய் உட்கார்ந்துவிட்டு அணையும்.

ஒருவேளை கோடுகள் அதே இடத்தில் இருந்தால், இரண்டு அல்லது மூன்று கிளீனிங், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு நாசில் செக். தேறவில்லையா, ராத்திரி முழுக்க விட்டுவிடு. புதிதாக வந்த மையே காய்ந்த மையைக் கொஞ்சம் கரைக்கும். உன் தம்பி வீட்டு பிரிண்டர் மாதிரி ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிற வகையென்றால் வேலை இன்னும் சுலபம். கார்ட்ரிட்ஜைக் கழற்றி, நூல் உதிராத துணியை வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து, நாசில் பக்கத்தை அதில் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடிக்கச் சொல். துணியில் மூன்று நிறமும் தனித்தனிப் பட்டையாக இறங்க வேண்டும். இறங்காத நிறம்தான் அடைத்தது. செப்பு நிறத் தொடுமுனைகளில் விரல் படக்கூடாது. குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலிருக்கிற உப்பே நாசிலை அடைக்கும். சிரிஞ்சில் கிளீனிங் திரவம் ஏற்றி ஹெட்டுக்குள் அழுத்தித் தள்ளுகிற வீடியோக்கள் நிறைய வருகின்றன. அழுத்தம் கூடினால் உள்ளே கிழியும், நிறங்கள் ஒன்றோடொன்று கலக்கும். அது கடைசிக்கும் கடைசி.

ஒரு நிறம் தீர்ந்தால் ஏன் கறுப்பைக்கூட அடிக்க மறுக்கிறது என்று கேட்டிருந்தாய். விற்பனைத் தந்திரமும் அதில் உண்டு என்பது என் எண்ணம், ஆனால் முழுக்க அது மட்டும் இல்லை. ஹெச்பி, கேனான் வகையில் நாசிலுக்குள் இருக்கிற ஹீட்டர் மையைக் கொதிக்க வைத்து, அந்தக் குமிழியால் சொட்டைத் தள்ளுகிறது. மை இல்லாமல் சூடானால் ஹீட்டர் எரிந்துபோகும். எப்சன், பிரதர் வகையில் பீசோ படிகம், மின்சாரம் கொடுத்தால் வளைகிற ஒன்று, வளைந்து தள்ளுகிறது. அங்கே எரிகிற பயம் இல்லை, காற்று ஏறுகிற பயம் உண்டு. அவசரத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். பல மாடல்களில் கறுப்பு மட்டும் பிக்மென்ட் மை (பொடித்துகள் கலந்தது), மற்ற மூன்றும் டை (கரைந்த சாயம்). கறுப்பு அடைத்த நாளில் ஒரு கடிதம் அடித்தே ஆக வேண்டுமானால், சாதாரணத் தாளை வைத்துவிட்டு கம்ப்யூட்டரின் பிரிண்ட் செட்டிங்கில் தாள் வகையை 'கிளாஸி போட்டோ' என்று மாற்று. கறுப்பை மூன்று நிறத்திலிருந்து கலந்து அடிக்கும். எழுத்து கொஞ்சம் மங்கலாக, ஈரமாக வரும், படிக்கலாம்.

இதே தாள் வகைதான் நிறம் மாறி வருவதற்கும் பெரும்பாலும் காரணம். போட்டோ பேப்பரை வைத்துவிட்டு 'பிளெயின்' என்று விட்டால் படம் சாம்பலாக வரும். அதன் பூச்சில்லாத பக்கத்தில் அடித்தால் மை காயவே காயாது.

எழுத்தின் செங்குத்துக் கோடுகள் இரட்டையாகவோ வளைந்தோ வந்தால் அது அடைப்பு இல்லை, அலைன்மென்ட், அதாவது ஹெட் போடுகிற கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனது. மெனுவில் இருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை. அதிலும் சரியாகாமல் ஹெட் ஓரத்தில் போய் இடித்தால், அது ஓடுகிற பாதையின் பின்னால் நீளமாக இழுத்துக் கட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டையைப் பார். நெருங்கிப் பார்த்தால் அதில் பொடிப்பொடியாகக் கோடுகள் தெரியும். ஹெட் தான் எங்கே இருக்கிறோம் என்று அறிவது அந்தக் கோடுகளை எண்ணித்தான். மைத்துளியோ கிரீஸோ பட்டால் எண்ணிக்கை தவறும். லேசாக ஈரம் செய்த துணியால் இழுக்காமல் துடை. ஸ்பிரிட் வேண்டாம், சில பட்டைகளில் கோடே அழிந்துவிடும்.

தாள் சேர்ந்து போவதற்கு ஈரம்தான் முதல் காரணம். பிரித்த கட்டைத் திறந்தபடி வைக்காதே. விசிறி உதறி, ஓரம் தட்டி, கால் அங்குலத்துக்கு மேல் போகாமல் வை. பக்கத் தடுப்பு தாளை லேசாகத் தொட வேண்டும், இறுக்கக் கூடாது. தாளையே எடுக்காமல் வழுக்கினால் தாளைப் பிடித்து இழுக்கிற ரப்பர் உருளையை (பிக்-அப் ரோலர்) ஈரத்துணியால் துடை. மாட்டிக்கொண்டால் அணைத்துவிட்டு, தாள் போகிற திசையிலேயே இரண்டு கையாலும் இழு. கிழிந்தால் துண்டுகளைச் சேர்த்துப் பார், ஒரு மூலை குறைந்தாலும் அது உள்ளேதான் இருக்கிறது.

வைஃபை விஷயம் சுருக்கம்தான். புது வீடு, புது ரவுட்டர். வீட்டு பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்தால், பிரித்துத் தனிப்பெயர் வைத்து 2.4-இல் சேர்த்துவிடு. பிறகு பிரிண்டரிலிருந்து நெட்வொர்க் ஷீட் ஒன்று அடித்து, அதிலுள்ள ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் பிரிண்டரை அடையாளம் காட்டுகிற எண்) ரவுட்டரில் நிரந்தரமாக ஒதுக்கிவிடு. கம்ப்யூட்டரில் பழைய பிரிண்டரை நீக்கிவிட்டு இந்த முகவரியைக் கொடுத்துப் புதிதாகச் சேர். முகவரி மாறிக்கொண்டே இருப்பதால்தான் 'ஆஃப்லைன்' வந்து வந்து போகிறது. இடையில் நீ அனுப்பிய வேலைகள் அழியாமல் தொங்கினால், விண்டோஸின் சர்வீசஸில் போய், பிரிண்ட் வேலைகளை வரிசையில் வைக்கிற பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்து. சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ். அந்தக் கடைசி ஃபோல்டருக்குள் இருப்பதை மட்டும் அழித்துவிட்டு ஸ்பூலரை மறுபடி ஓடவிடு.

அந்த 12 மணி நேரத்துக்குப் பின் அடிக்கிற இரண்டு நாசில் செக் தாளையும் படம் எடுத்து அனுப்பு. எது முதல் தாள் என்று மூலையில் எழுதிவிடு. மகளுக்கு என் வாழ்த்தைச் சொல்.

அன்புடன்,
கணேசன்

பி.கு: நகல் எடுக்கும்போது மட்டும் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு வருகிறது என்றாயே, அதற்கும் ஹெட்டுக்கும் சம்பந்தமில்லை. தாள் தானாக ஓடுகிற மேல் தட்டில் வைத்து எடுக்கிறாய் அல்லவா, பெரிய கண்ணாடிக்குப் பக்கத்தில் விரல் அகலத்தில் ஒரு கண்ணாடிப் பட்டை இருக்கும். அதில் ஒரு புள்ளி ஒயிட்னரோ பசையோ ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டாமல் ஈரத்துணியால் தேய்.