டிராகனுக்குத் தீனி போடுவது யார்?

குன்னூர்,
ஐப்பசி

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று படித்து நிம்மதி அடைந்தேன். மாடிப்படி ஏறக்கூடாது என்று மருத்துவர் சொன்னதை நீ கேட்கப்போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

இங்கே வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டது. தண்டவாளத்தில் மண் சரிந்து மலை ரயில் ரத்தாகியிருக்கிறது. பஸ் மட்டும் ஓடுகிறது. மழைக்காலத்தில் எனக்கு இருக்கிற பெரிய வேலை புத்தக அலமாரியைக் காப்பாற்றுவதுதான். கொஞ்சம் அசந்தால் அட்டைகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை பூத்துவிடும். பழைய பங்களாக்காரர்கள் செய்த மாதிரி அலமாரிக்குள் ஒரு 40 வாட் பல்பை எரியவிட்டு, கதவை ஒருக்களித்து வைத்திருக்கிறேன். மின்சாரம் போய்விட்டால் அந்தச் சூடும் இல்லை. ஒவ்வொன்றாக எடுத்து, உலர்ந்த துணியால் துடைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் விரித்து நிறுத்த வேண்டும். உன் பேத்திக்கும் உனக்கும் படிக்க நீ கேட்ட புத்தகப் பட்டியல் அப்படித் துடைத்துக்கொண்டே போட்டதுதான்.

பேத்தி டிராகன், மந்திரவாதி, அழிந்துபோன நகரம் என்று இதையே படிக்கிறாள், “இதனால் என்ன பிரயோசனம்” என்று எழுதியிருக்கிறாய். இதை நீ கேட்கலாமா? வேதாளம் திரும்பவும் முருங்கை மரம் ஏறியதா என்று தெரிந்துகொள்ள அம்புலிமாமாவை அண்ணன் கையிலிருந்து பிடுங்கி ஓடியவள் நீ. அந்தக் குழந்தை உன் வழியில்தான் போகிறது. ஆனால் எல்லா டிராகனும் ஒன்றல்ல என்பதில் உன்னோடு ஒத்துப்போகிறேன். கடைகளில் குவிந்து கிடப்பதில் முக்கால்வாசி ஒரே அச்சில் வார்த்தது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, ரகசிய வாள், ஒரு தீர்க்கதரிசனம், அட்டையில் பொன்னிற எழுத்து. அவற்றை வாங்கும் பணத்துக்கு நல்ல குடை ஒன்று வாங்கலாம்.

நான் ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் படிக்கிறேன். அந்த உலகத்தில் உலை எப்படிக் கொதிக்கிறது? டிராகன் வைத்திருப்பவன் அதற்கு என்ன தீனி போடுகிறான், அதற்கு வெட்டிய ஆடு யார் வீட்டு ஆடு? சர்வாதிகாரி ஆளும் நாட்டில் சவரக்கத்தி எங்கே கிடைக்கும்? இதற்கெல்லாம் விடை வைத்திருக்கும் புத்தகத்தை நம்பி உள்ளே போகலாம். விடை இல்லாதது நூறாவது பக்கத்தில் என் கையைவிட்டு நழுவிவிடுகிறது.

டோல்கீனின் ‘த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ 1954, 1955-இல் மூன்று பாகங்களாக வந்தது. ஒரு பொல்லாத மோதிரத்தை எரிமலையில் போட்டு அழிக்கக் குட்டை மனிதர் சிலர் புறப்படுகிறார்கள் என்று கதையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். போர்க்காட்சிகளை இப்போதெல்லாம் நான் தள்ளிவிட்டுத்தான் போகிறேன். எனக்கு வேண்டியவன் சாம். தோட்டக்காரன். எஜமானனோடு அந்தப் பாழ்நிலத்துக்குப் போகிறவன் வாணலி, சட்டி, ஒரு சின்ன டப்பாவில் உப்பு எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு போகிறான். வழியில் முயல் கிடைத்ததும் அத்தனை ஆபத்துக்கு நடுவிலும் அடுப்பு மூட்டிக் குழம்பு வைக்கிறான். கடைசிக் கட்டத்தில், எஜமானன் நடக்க முடியாமல் தள்ளாடும்போது, சுமையைக் குறைக்க எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டியதாகிறது. பாத்திரங்கள் இருண்ட பள்ளத்தில் உருண்டு விழும் சத்தம் அவனுக்குச் சாவுமணியாகக் கேட்கிறது. இனிமேல் சமைக்கப்போவதில்லை, ஊர் திரும்பப்போவதுமில்லை என்று அவன் தீர்மானித்தது அதில் தெரிந்துவிடுகிறது. மோதிரம் நெருப்பில் விழுந்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை. சட்டி விழுந்தபோது தொண்டை அடைத்தது.

ஆனால் பேத்திக்கு முதலில் கொடுக்க வேண்டியது அது இல்லை, அவ்வளவு பக்கத்தைப் பார்த்து மிரள்வாள். உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய ‘எ விஸார்ட் ஆஃப் எர்த்ஸீ’யைக் கொடு. மெல்லிய புத்தகம். தீவுகளால் ஆன உலகம், ஆடு மேய்த்த பையன், அவனுக்கு மந்திர சக்தி. இதுவரை கேட்ட கதைதான். அவனைச் சீடனாக ஏற்கும் ஓகியன் என்ற குரு வந்ததும் புத்தகம் வேறாகிவிடுகிறது. இருவரும் மலைப்பாதையில் நடந்து போகும்போது மழை பிடிக்கிறது. மந்திரம் தெரிந்தவர்கள் மழையை அப்பால் தள்ளிவிடுவது அந்த ஊரில் சாதாரணம். ஓகியன் தள்ளுவதில்லை. ஒரு மரத்தடியில் நனைந்தபடியே படுத்துத் தூங்குகிறார். பையன் ஈரப் புதருக்குள் சுருண்டுகொண்டு, பயன்படுத்தாத சக்தி இருந்தென்ன என்று பொருமுகிறான். அங்கே மழையை விலக்கினால் அது வேறு எங்கோ போய் நிற்கும், அதன் கணக்கை யாரோ தீர்க்க வேண்டும் என்பது அவனுக்குப் பிறகுதான் புரிகிறது. மந்திரத்துக்கு விலை வைத்த கதைகள் பல உண்டு. இவ்வளவு அமைதியாக வைத்த கதை எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இன்னொன்றையும் பேத்தியிடம் சொல். அந்தக் கதாநாயகன் செம்பழுப்பு நிறத்தவன். அந்தத் தீவுகளில் பெரும்பாலானவர்கள் நம்மைப் போன்ற நிறம்தான். பதிப்பாளர்கள் பல வருஷம் அட்டையில் அவனை வெளுப்பாக்கியே போட்டார்கள். லெ குவின் அதற்காகச் சலிக்காமல் சண்டை போட்டார்.

அதே அம்மாளின் ‘த டிஸ்பொஸஸ்ட்’ (1974) உனக்கு. சொத்து, முதலாளி, சிறை எதுவும் இல்லாத ஒரு வறண்ட கோளில் மக்கள் வாழ்ந்து பார்க்கிறார்கள். சொர்க்கம் என்று அவர் பூசி மெழுகவில்லை. பஞ்சம் வருகிறது, யாருக்கு எவ்வளவு உணவைக் குறைப்பது என்று பட்டியல் போடும் வேலை வருகிறது, பொறாமை வருகிறது. முதல் ஐம்பது பக்கம் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கொள்.

இருண்ட எதிர்காலக் கதைகளுக்கு வருகிறேன். ஆர்வெல்லின் ‘1984’ உனக்குத் தெரியும், 1949-இல் வந்தது. க.நா.சு. தமிழாக்கியிருக்கிறார், ‘விலங்குப் பண்ணை’யையும்தான். எல்லோரும் அதில் கண்காணிக்கும் திரையைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு நினைவில் நிற்பது சாக்லேட். ரேஷனில் 30 கிராம் கொடுத்ததை 20 ஆகக் குறைக்கிறார்கள். மறுநாள் ஒலிபெருக்கியில், சாக்லேட்டை 20 கிராமாக உயர்த்தியதற்காக மக்கள் ஊர்வலம் போய்த் தலைவருக்கு நன்றி சொன்னதாகச் செய்தி வருகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் அதை நம்பிவிடுகிறான். சவர பிளேடும் அப்படியே. ஊரில் பிளேடு தட்டுப்பாடு. நண்பன் கேட்கும்போது, ஆறு வாரமாக ஒரே பிளேடுதான் என்று கதாநாயகன் பொய் சொல்கிறான். வீட்டில் இரண்டு புது பிளேடு ஒளித்து வைத்திருக்கிறான்! ரேஷன் கடை வரிசையில் மண்ணெண்ணெய்க்கு நின்ற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். அரசாங்கம் மனிதனைக் கெடுப்பது சிறைக்கூடத்துக்கு முன்பே, இந்தப் பிளேடில் தொடங்கிவிடுகிறது. இதற்கெல்லாம் முன்னோடி ரஷ்ய எழுத்தாளர் ஸம்யாதினின் ‘வீ’. கண்ணாடி வீடு, பெயருக்குப் பதில் எண். 1924-இல் ஆங்கிலத்தில் வந்தது, சோவியத் நாட்டில் 1988-இல்தான் அச்சேறியது. வரலாற்றுக்காகப் படிக்கலாம். ஹக்ஸ்லியின் ‘பிரேவ் நியூ வேர்ல்ட்’ எனக்கு ஒட்டவில்லை. புத்திசாலியான புத்தகம்தான், ஆனால் அதில் ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுக் காப்பி கொடுக்கத் தோன்றவில்லை.

மார்கரெட் அட்வுட்டின் ‘த ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்’ (1985) பேத்திக்கு இப்போது வேண்டாம், கல்லூரிக்குப் போகட்டும். நீ படி. பிள்ளை பெறுவதற்கென்றே பெண்களை ஒதுக்கி வைத்திருக்கும் ஒரு நாடு. வரலாற்றில் எங்காவது எப்போதாவது நடந்திராத எதையும் அந்தக் கதையில் சேர்ப்பதில்லை என்று விதி வைத்துக்கொண்டு எழுதினாராம். பெண்கள் வாசிக்கக் கூடாது என்பதால் கடைப் பலகைகளில் எழுத்து இல்லை, படம் மட்டும். கைக்குப் பூசிக்கொள்ள எண்ணெயோ களிம்போ அவர்களுக்குக் கிடையாது. கதை சொல்கிறவள் இரவுச் சாப்பாட்டில் வந்த வெண்ணெய்த் துண்டைச் செருப்புக்குள் ஒளித்து எடுத்துவந்து, அறையில் தோலில் தடவிக்கொள்கிறாள். தன் உடம்பு இன்னும் தன்னுடையது என்பதற்கு அவளிடம் இருக்கும் சாட்சி அந்த வெண்ணெய். ஆணாக இருப்பவர் எழுதியிருந்தால் அந்த வெண்ணெய் வந்திருக்குமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சாமின் உப்பு டப்பா ஞாபகம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன்.

ஜப்பானிய எழுத்தாளர் யோகோ ஒகாவாவின் ‘த மெமரி போலீஸ்’ (1994, ஆங்கிலத்தில் 2019) நீ கேள்விப்பட்டிருக்க மாட்டாய். ஒரு தீவில் பொருள்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ரிப்பன், மணி, வாசனைத் திரவியம், பறவை. மறைந்த பிறகு அது என்னவென்றே ஜனங்களுக்கு மறந்துவிடுகிறது. மறக்காதவர்களைத் தேடிப் பிடிக்க ஒரு போலீஸ். ரோஜா மறையும் நாளில் ஆறு முழுக்க இதழ்களாக ஓடுகிறது. காரணம் எதையும் ஆசிரியர் சொல்வதில்லை. சொல்லாதது எரிச்சலாகக்கூட இருக்கலாம். இந்தப் புத்தகத்தை நான் இங்கே உட்கார்ந்து படித்ததால்தான் இவ்வளவு பிடித்ததோ என்னவோ. அடுத்த வீட்டுப் படுகப் பாட்டி, தன் மாமியார் காலத்தில் சாமையும் கொரலி என்ற சிறுதானியமும் விளைந்த நிலம் என்று காட்டும் இடமெல்லாம் இன்றைக்குத் தேயிலை. அவர் பேத்திகளுக்குக் கொரலி எப்படி இருக்கும் என்றே தெரியாது. அதற்கு எந்தப் போலீசும் வரவில்லை.

பிராட்பரியின் ‘ஃபாரன்ஹீட் 451’ (1953) வெ. ஸ்ரீராம் மொழிபெயர்ப்பில் தமிழிலேயே இருக்கிறது. தீயணைப்புப் படை புத்தகங்களைக் கொளுத்தும் ஊர். காசு போட்டால் அரைமணி ஓடும் வாடகைத் தட்டச்சு இயந்திரத்தில், ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்து இதை அடித்தாராம். அரைமணிக்குப் பத்து சென்ட். புத்தகம் எரியும் கதையை நூலகத்துக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்! இதில் பயங்கரம் தீ இல்லை. அரசாங்கம் தடை போடுவதற்கு வெகு முன்பே ஜனங்கள் தாமாகவே வாசிப்பதை விட்டுவிட்டார்கள் என்று படைத் தலைவன் சொல்கிறான். கதாநாயகனின் மனைவி காதில் குட்டி வானொலியைச் செருகிக்கொண்டு தூங்குகிறாள். மூன்று சுவரிலும் திரை இருக்கிறது, நான்காவது சுவருக்கும் வேண்டும் என்று நச்சரிக்கிறாள். உன் மருமகன் புது டி.வி. வாங்கியதைப் பற்றி எழுதியிருந்தாயே, நான் ஒன்றும் சொல்லவில்லை.

தமிழில் என்ன இருக்கிறது என்று கேட்பாய். சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’வைப் பேத்திக்கு நீயே வாசித்துக் காட்டு. ஜீவா என்ற சர்வாதிகாரியின் ஆட்சி, இரண்டெழுத்துப் பெயர்கள், ஜீனோ என்ற இயந்திர நாய். விகடனில் தொடராக வந்தபோது எதிர்காலமாக இருந்த வருஷங்கள் நம்மைத் தாண்டிப் போய்விட்டன, ஆனால் ஜீனோவின் குறும்பு பழசாகவில்லை. அரசியல் பகுதி கொஞ்சம் அவசரத்தில் எழுதியதாகத் தெரியும், வாராவாரம் எழுதினால் அப்படித்தான்.

பெருமாள்முருகனின் ‘பூனாச்சி’யை (2016) ஆட்டுக்கதை என்று ஒதுக்கிவிடாதே. 2015 ஜனவரியில் இனி எழுதுவதில்லை என்று அறிவித்தவர் திரும்பி வந்து தந்த நாவல் இது. மனிதர்களைப் பற்றி எழுதப் பயமாக இருக்கிறதென்று ஆட்டை எடுத்துக்கொண்டார். கிழவனும் கிழவியும் ஒரு கறுப்பு வெள்ளாட்டுக் குட்டியை வளர்க்கிறார்கள். குட்டிக்குக் காது குத்தி அரசாங்கத்தில் பதிய வேண்டும். நீண்ட வரிசையில் நின்று, இந்தக் குட்டி எங்கிருந்து வந்தது என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வது என்று நடுங்குகிறார்கள். ஆர்வெல்லின் திரையைவிட இந்த வரிசை எனக்கு நெருக்கமாக இருந்தது. கூழ், பஞ்சம், மேய்ச்சல் எல்லாம் அச்சு அசலாக இருப்பதால்தான் அந்த அரசாங்கத்தையும் நம்பத் தோன்றுகிறது.

இந்த மலையைப் பற்றி ஏதாவது வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். அது வேறு வகை. ராஜம் கிருஷ்ணனின் ‘குறிஞ்சித் தேன்’, சுகுமாரனின் ‘வெல்லிங்டன்’ இரண்டையும் நீ இங்கே வரும்போது எடுத்து வைக்கிறேன். மே மாதம் காரில் வருவதாக இருந்தால் இ-பாஸ் எடுக்க வேண்டும், மறந்துவிடாதே. 2024 மே 7 முதல் அப்படி ஆகிவிட்டது. ஊருக்குள் நுழையவே சீட்டு வேண்டும் என்றால் உன் பேத்தி சிரிப்பாள், அவள் படிக்கும் கதை மாதிரியே இருக்கிறது என்பாள். பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கொண்டுவராதே, பிடுங்கிவிடுவார்கள்.

எர்த்ஸீயும் பூனாச்சியும் என்னிடம் இருக்கின்றன. மழை ஓய்ந்து தபால் ஒழுங்காகப் போகத் தொடங்கியதும் பாலிதீன் உறையில் சுற்றி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். எர்த்ஸீயை முடித்ததும் பேத்தியிடம் கேள்: ஓகியன் மழையில் நனைந்தது சரியா, அசட்டுத்தனமா? அவள் சொல்வதை அப்படியே எழுது, நீ திருத்தாதே. புத்தகங்களைத் திருப்பி அனுப்பும்போது மதுரை வெயிலில் காய்ந்த மோர்மிளகாய் கொஞ்சம் சேர்த்து அனுப்பு. இங்கே எதுவும் காயமாட்டேன் என்கிறது.

அன்புடன்,
கோமதி