கருவாட்டை விட்டுவிட்டீர்களே!

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த கடல் பயணக் கட்டுரையைப் படித்தேன். மிளகு இருக்கிறது, தங்கம் இருக்கிறது, கொலம்பஸ், வாஸ்கோ ட காமா எல்லாரும் இருக்கிறார்கள், கருவாடு மட்டும் இல்லை. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அந்தக் கால ஐரோப்பாவில் வெள்ளிக்கிழமை, தவக்காலம் என்று கறி தொடக்கூடாத நாட்கள் ஏராளம், ஆனால் மீனுக்குத் தடையில்லை. அங்கே குளிர்கடலில் கிடைக்கும் காட் (cod) என்ற மீனில் கொழுப்பு குறைவு, காய்ந்தால் காறாது. நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் உப்பே போடாமல், தலையை வெட்டி, இரண்டிரண்டாக வாலைச் சேர்த்துக் கட்டிக் கழியில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே உலர்த்துவார்கள். விறகுக்கட்டை மாதிரி ஆகிவிடும், அடித்து நசுக்கி ஊறவைத்தால்தான் வாயில் வைக்க முடியும். மாதக்கணக்கில் கெடாத இந்தச் சரக்கு மாலுமிகளுக்கும் கட்டுச்சோறானது.

இங்கிலாந்துத் துறைமுகமான பிரிஸ்டல்காரர்கள் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இந்த மீனுக்காக ஐஸ்லாந்து வரை போய்வந்தவர்கள். இத்தாலியக் கடலோடி ஜான் கபோட் 1497இல் ஆசியாவைத் தேடிப் புறப்பட்டது அந்த ஊரிலிருந்துதான், 'மேத்யூ' என்ற சின்னக் கப்பலில், சுமார் 20 பேரோடு. ஆசியா கிடைக்கவில்லை, வட அமெரிக்கக் கரைதான் கிடைத்தது. அங்கே வலைகூட வேண்டாம், கூடையில் கல்லைக் கட்டி இறக்கினாலே மீன் வருகிறது, இனி ஐஸ்லாந்து பக்கமே போக வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொன்னதை, லண்டனிலிருந்த இத்தாலியின் மிலான் நாட்டுத் தூதர் அதே ஆண்டு டிசம்பரில் தன் பிரபுவுக்கு எழுதியிருக்கிறார்.

இன்னொன்று. கனடாவைக் 'கண்டுபிடித்த' பிரெஞ்சுக் கடலோடி ழாக் கார்ட்டியே 1534இல் அந்நாட்டின் கிழக்கே லாப்ரடார் கரையோரம் போகும்போது, பிரான்ஸின் லா ரோஷேல் துறைமுகத்திலிருந்து மீன்பிடிக்க வந்த பெரிய கப்பல் ஒன்று எதிர்ப்பட்டது. போகவேண்டிய துறையை இரவில் தாண்டி வந்துவிட்டு எங்கிருக்கிறோம் என்று தெரியாமல் நின்றிருக்கிறது, இவர்தான் பக்கத்துத் துறையில் கொண்டுபோய் விட்டார். அவர்கள் தேடிவந்த துறைக்கு அப்போதே பிரெஸ்ட் என்று பிரான்ஸ் ஊர் ஒன்றின் பெயர்! அப்படியானால் அங்கே யார் முதலில் போயிருப்பார்கள் என்று நீங்களே பாருங்கள்.

அப்புறம், கட்டுரைக்கு நீங்கள் போட்ட படத்தில் இருப்பது கேரவெல் என்ற பாய்மரக் கப்பல். 13ஆம் நூற்றாண்டு போர்ச்சுகலில் அந்தப் பெயர் சின்ன மீன்பிடிப் படகைக் குறித்தது. காமாவோடு 1498இல் கோழிக்கோடு வந்த 'பெரியோ' கப்பலும் ஒரு கேரவெல்தான். அடுத்த முறை படத்துக்குக் கீழே அதை ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், தூத்துக்குடி