காரினின் கருவி லேசர் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ரஷ்ய அறிவியல் புனைகதைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, எஃகையும் அறுக்கும் கதிர்க் கருவி ஒன்றைச் சுற்றி நடக்கும் ‘பொறியாளர் காரினின் ஹைபர்போலாய்டு’ நாவலுக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கி, ‘டால்ஸ்டாய் லேசரை முன்கூட்டியே சொல்லிவிட்டார்’ என்று முடித்துக்கொண்டது. நாவலை நேசிக்கிறவர்கள்தான் இந்த வரியை அதிகம் சொல்கிறார்கள். ஆனால் அது உண்மையல்ல, நாவலுக்குப் பெருமை சேர்ப்பதும் அல்ல.

முதலில் பெயர். பக்கத்தில் படமாகப் போட்டிருந்த நீண்ட தாடிக்காரர் ‘போரும் அமைதியும்’ எழுதிய லேவ் டால்ஸ்டாய். இந்த நாவலை எழுதியவர் அலெக்ஸேய் டால்ஸ்டாய் (1883–1945). புரட்சிக்குப் பின் சில ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டு 1923-ல் நாடு திரும்பியவர். செவ்வாய்க் கிரகத்துக்குப் போகும் ‘அயேலிதா’வும் இவருடையதுதான். காரின் கதை 1925 முதல் 1927 வரை ‘க்ராஸ்னயா நோவ்’ இதழில் தொடராக வந்தது. 1930-களில் அவரே அதைப் பலமுறை திருத்தி எழுதினார்.

இனி கருவிக்கு வருவோம். லெனின்கிராடில் ஒரு பாழடைந்த வீட்டின் நிலவறையில் துப்பறிவாளர் ஷெல்கா முதலில் காண்பது கருவியை அல்ல, அது விட்டுச் சென்ற தடயங்களை: அறுபட்டுக் கிடக்கும் உலோகத் துண்டுகள். கருவியின் அமைப்பைக் காரினே பின்னால் படம் போட்டு விளக்குகிறான். உள்ளே சிறு பிரமிடுகளாக எரிபொருள். அலுமினியமும் இரும்பு ஆக்ஸைடும் கலந்த தெர்மைட்டோடு பற்றவைக்க மஞ்சள் பாஸ்பரஸ். அந்தச் சுடருக்குப் பின்னால் ஒரு பெரிய அதிபரவளைய (ஹைபர்போலாய்டு) ஆடி. எதிரே, எந்த வெப்பத்தையும் தாங்கும் ‘ஷாமோனைட்’ என்ற கற்பனைக் கனிமத்தில் செய்த சிறிய அதிபரவளைய ஆடி. பெரிய ஆடி ஒளியைத் திரட்டிச் சிறியதற்கு அனுப்பும். சிறியது அதை ஊசி போல் மெல்லிய இணைகதிராக வெளியே விடும். படிக்கும்போது நம்பத்தான் தோன்றும்.

தவறு முதல் ஆடியிலேயே இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கு போதும் இதைப் பிடிக்க. பரவளையத்தின் குவியத்தில் விளக்கை வைத்தால் கதிர்கள் இணையாக வெளியேறும். நீள்வட்டத்தின் ஒரு குவியத்தில் வைத்தால் மற்ற குவியத்தில் கூடும். அதிபரவளையத்தின் உட்குவியத்தில் வைத்தாலோ, கதிர்கள் பின்னாலிருக்கும் மற்ற குவியத்திலிருந்து புறப்பட்டவை போல விரிந்து போகும். திரட்ட வேண்டிய ஆடி சிதறடிக்கிறது. ‘பரபோலாய்டு’ என்று தலைப்பு வைத்திருந்தால் கணக்கு கொஞ்சம் சரியாகியிருக்கும். ‘ஹைபர்போலாய்டு’ என்ற சொல்லின் ஓசையில்தான் டால்ஸ்டாய் மயங்கினார் என்பது என் ஊகம். மாஸ்கோவில் பொறியாளர் ஷுகோவின் 150 மீட்டர் வானொலிக் கோபுரம் அதே வடிவத்தில் 1922-ல்தான் எழுந்து நின்றது. ஊரே அண்ணாந்து பார்த்த வடிவம் அது.

ஆடியைப் பரவளையமாக மாற்றினாலும் தப்பிக்க முடியாது. ஒளி புறப்படும் சுடர் ஒரு புள்ளியாக இருந்தால்தான் கதிர் இணையாகும். சுடர் 1 செ.மீ. அகலம், குவியத் தூரம் 10 செ.மீ. என்று வையுங்கள். கதிர் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் விரியும், 1 கி.மீ. தொலைவில் அது 100 மீட்டர் அகல வெளிச்சமாகிவிடும். இரண்டாவது ஆடியால் கதிரைப் பத்து மடங்கு மெலிதாக்கினால் விரிவு பத்து மடங்கு கூடும். ஆடிகளையும் வில்லைகளையும் எப்படி அடுக்கினாலும் மூலத்தின் பொலிவை மீற முடியாது. சோவியத் ஒளியியலாளர் ஸ்லூசரெவ், லேசர் பிறப்பதற்கு முன்பே, 1940-களில் எழுதிய நூலில் காரினின் கருவியை எடுத்துக்கொண்டு இதைப் பொறுமையாக விளக்கினார்.

எரிபொருள் கணக்கும் உதைக்கிறது. ஒரு கிலோ தெர்மைட் தருவது ஏறக்குறைய 4 மெகாஜூல். ஒரு கிலோ எஃகை உருக்க 1.3 மெகாஜூல் வேண்டும். 20 செ.மீ. தடிமனுள்ள போர்க்கப்பல் கவசத்தில், 1 செ.மீ. அகலத்தில், 20 மீட்டர் நீளத்துக்கு ஒரு வெட்டுப் போட 300 கிலோவுக்கு மேல் எஃகை உருக்கியாக வேண்டும். துளி வெப்பமும் வீணாகாது என்று வைத்தாலும் 100 கிலோ தெர்மைட் ஆகும். தெர்மைட்டின் வெப்பத்தில் பெரும்பகுதி உருகிய இரும்போடு கீழே தங்கிவிடும், ஒளியாக வெளியேறுவது சிறு பங்குதான். கையடக்கப் பிரமிடுகளை வைத்துக்கொண்டு, கதையில் வருவதுபோல் கடற்படையை அழிப்பது நடக்காத காரியம்.

லேசரின் வழியே வேறு. 1917-ல் ஐன்ஸ்டைன் சொன்ன தூண்டப்பட்ட உமிழ்வுதான், அதாவது அணுவின் மேல் படும் ஒளி அதே போன்ற ஒளியை அதிலிருந்து வெளிவரச் செய்வதுதான், அதன் உயிர். ஆடிகள் ஒளியைத் திரட்டுவதில்லை. ஊடகத்தின் வழியே முன்னும் பின்னும் அனுப்பி ஒரே தாளத்தில் பெருக வைக்கின்றன. அமெரிக்க இயற்பியலாளர் மைமன் 1960 மே மாதம் ரூபித் தண்டில் அதைச் சாதித்தார். மாஸ்கோவின் பாஸோவும் புரோஹோரவும் அமெரிக்கர் டவுன்ஸும் 1964-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். லேசரும் காரினின் ஊசியாகிவிடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். 5 மி.மீ. அகலத்தில் கிளம்பும் பச்சை லேசர்க் கதிர், விளிம்பு விலகலால் (ஒளி அலை என்பதால் தானாக விரிவதால்) மட்டுமே, 5 கி.மீ. தொலைவில் அரை மீட்டரைத் தாண்டி அகன்றுவிடும்.

அப்படியானால் நாவலில் என்னதான் மிஞ்சுகிறது? என் கணிப்பில், எல்லாமே மிஞ்சுகிறது. கருவிக்குப் பின்னால் இருக்கும் பணத்தை டால்ஸ்டாய் மறக்கவில்லை. அமெரிக்க ரசாயன முதலாளி ரோலிங் காரினுக்குப் பணம் தருகிறான், ஜெர்மானியப் போட்டியாளர்களின் சாயத் தொழிற்சாலைகள் எரிகின்றன. பசிபிக் தீவொன்றில் பூமியைத் துளைத்துக் காரின் அளவில்லாத தங்கத்தை எடுக்கிறான். அதை அவன் பதுக்கவில்லை, சந்தையில் கொட்டுகிறான். தங்கத்தை நம்பியிருந்த நாணயங்கள் சரிகின்றன. 1920-களில் சாகச நாவல் ஒன்று இதை இவ்வளவு தெளிவாக யோசித்தது பெரிய விஷயம். 1965-ல் வந்த திரைப்படத்தில் எவ்ஸ்திக்னேயெவும், 1973-ன் நான்கு பகுதித் தொலைக்காட்சிப் படத்தில் ஒலெக் பரீஸவும் காரினாக நடித்திருக்கிறார்கள். இருவரையும் பார்த்தால் தெரியும், மக்கள் நினைவில் நின்றது இந்த மனிதன்தான், ஆடிகள் அல்ல.

முடிவைக் கட்டுரை தொடவே இல்லை. கப்பல் உடைந்து, ஆளில்லாத சிறு தீவில் காரினும் அவன் துணைவி ஸோயாவும் ஒதுங்குகிறார்கள். கட்டப்படாமலே போன அரண்மனைகளின் வரைபடங்களை ஸோயா புரட்டிக்கொண்டிருக்கிறாள். கருவி கைவிட்டுப் போயிற்று, ஆசை போகவில்லை.

அடுத்த இதழில் படத்தையும் பெயரையும் திருத்தி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். இடமிருந்தால் பரவளையம், நீள்வட்டம், அதிபரவளையம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, ஒவ்வொன்றின் குவியத்திலிருந்தும் நான்கு கதிர்களை இழுத்துக் காட்டுங்கள். பள்ளிப் பிள்ளைகள் காரினின் தவறைத் தாங்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி