டெபியன் 13 மேம்பாடு: ஞாயிறு கூடுகை

எல்லோருக்கும் வணக்கம். டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 13-ஆம் பதிப்பு (டிரிக்ஸி) 2025 ஆகஸ்ட் 9 அன்றே வெளிவந்துவிட்டது, நம்மில் பாதிப்பேர் இன்னும் 12-லேயே இருக்கிறோம். அதனால் வரும் ஞாயிறு இரவு 8 மணிக்கு வீடியோ அழைப்பில் சேர்ந்தே மேம்படுத்திவிடலாம்.

1. முதலில் இதைப் பாருங்கள்: செட்டிங்ஸில் அபவுட் பகுதியில் 64-பிட் என்று இருக்கிறதா? 32-பிட் என்றால் மேம்படுத்தவே வேண்டாம். 13-இல் ஐ386-க்கு (அதாவது 32-பிட் கணினிகளுக்கு) கெர்னலும் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இல்லை, இன்ஸ்டாலரும் இல்லை, பழைய மடிக்கணினியை ஆசையாக வைத்திருப்பவர்களுக்கு வருத்தம்தான். அவர்கள் 12-லேயே இருக்கலாம், அதற்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. ப்ராசஸர் 64-பிட் தாங்கும் என்றால் புதிதாக நிறுவிக்கொள்வதே வழி.

2. சனிக்கிழமைக்குள் பேக்கப். வெளி டிஸ்க்கில், அதே டிஸ்க்கின் இன்னொரு ஃபோல்டரில் அல்ல!

3. டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். போன தடவை எனக்குப் பூட் பகுதி (கெர்னல்கள் இருக்கும் இடம்) நிரம்பிப் பாதியில் நின்றது, பழைய கெர்னல்களை அழிக்காத என் சோம்பேறித்தனம், இரவு இரண்டு மணி வரை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

4. சார்ஜர் செருகியே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று, 13-இல் டெம்ப் ஃபோல்டர் (தற்காலிகக் கோப்புகளுக்கானது) ரேமில்தான் இருக்கும். பெரிய கோப்புகளை அங்கே போட்டு வைக்கும் பழக்கமுள்ளவர்கள் (யாரென்று தெரியும்) கவனம், ரீஸ்டார்ட் செய்தால் போச்சு.

வருகிறவர்கள் ‘வருகிறேன், 64’ அல்லது ‘வருகிறேன், 32’ என்று வெள்ளி இரவுக்குள் பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் வராது.