மோட்டாரை மாற்றச் சொன்னீர்கள், பழுது கனெக்டரில் இருந்தது

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு, வணக்கம்.

கும்பகோணத்தில் உங்கள் டீலரிடம் வாங்கிய 48 வோல்ட் மின்சார ஸ்கூட்டருக்கு இப்போது 14 மாதம் ஆகிறது. ஐப்பசி மழை ஆரம்பித்ததிலிருந்து இதே பாடு: நனைந்த மறுநாள் நின்ற இடத்திலிருந்து கிளம்பாது, ஆக்ஸிலேட்டரைத் திருகினால் கர்ரென்று உதறும், காலால் உந்திவிட்டால் வெட்டி வெட்டி ஓடும், இரண்டு நாள் வெயில் அடித்தால் தானாகவே சரியாகிவிடும். வெயிலில் சரியாகிற பழுது என்றால் எங்கோ தண்ணீர் இறங்குகிறது என்றுதானே முதலில் பார்க்க வேண்டும்? உங்கள் சர்வீஸ் சென்டரில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வெளியே எடுக்கவே இல்லை. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் போய்விட்டது என்று சொல்லி, அதை மாற்றி, கூலியோடு 5,400 ரூபாய் வாங்கினார்கள். அடுத்த மழையில் மறுபடியும் அதே உதறல். என் மனைவி வேலைக்குப் போகிற வழியில், பின்னால் பஸ் வர, நடுரோட்டில் வண்டி நின்றுவிட்டது. அதற்குச் சொன்ன பதில், மோட்டாரை மாற்ற வேண்டும், 9,000 ஆகும் என்பது.

நான் ஒயரிங் வேலை செய்கிறவன், அதனால் நானே பிரித்துப் பார்த்தேன். பேட்டரி 53.8 வோல்ட், குறையே இல்லை. ஆக்ஸிலேட்டர் சிக்னல் 0.8 வோல்ட்டில் தொடங்கி முறுக்க முறுக்க ஒழுங்காக ஏறியது. அப்புறம் மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று கன்ட்ரோலருக்குச் சொல்லும் ஹால் சென்சார்களின் ஒயர்களை, கன்ட்ரோலர் பக்கத்தில் மீட்டர் முனையை வைத்து, பின் சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றியபடி பார்த்தேன். மஞ்சளும் நீலமும் 0, 5 என்று மாறி மாறி வந்தன, பச்சை மட்டும் 5-லேயே அசையாமல் நின்றது, அதாவது அந்த சிக்னல் கன்ட்ரோலருக்கு வந்து சேரவில்லை. மெயின் ஸ்விட்சை அணைத்துக் கனெக்டரைக் கழற்றினால், பச்சை ஒயரின் முனையில் உள்ள உலோகப் பின் முழுக்க, புளி போட்டுத் தேய்க்காத செப்புக் குடம் மாதிரி களிம்பு. ஒயர் மேலிருந்து நேராக அதற்குள் இறங்குகிறது, கீழே ஒரு வளைவு விட்டிருந்தால் தண்ணீர் அங்கேயே சொட்டிப் போயிருக்கும். உள்ளே ரப்பர் சீலும் இல்லை. சுத்தம் செய்து, பின்னை இறுக்கி, ஒயரை வளைத்துக் கட்டினேன். மூன்று வாரம் ஆகிறது, நடுவில் இரண்டு நல்ல மழை, வண்டி ஒரு தடவைகூட உதறவில்லை.

என் வண்டியில் நீங்கள் மாட்டியிருப்பது தேவையே இல்லாத கன்ட்ரோலர். 5,400 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். கழற்றிய பழைய கன்ட்ரோலரைக் கேட்டும் தரவில்லை, அதைச் சோதித்து என்ன பழுது என்று எழுத்தில் தாருங்கள். இந்த மாடல் ஓட்டுகிற மற்றவர்களுக்கும் அந்தக் கனெக்டரைச் செலவில்லாமல் சீல் செய்துகொடுங்கள், எல்லோர் வீட்டிலும் மீட்டர் இருக்காது.

பில் நகல், சேஸிஸ் எண், கனெக்டரின் படம், மீட்டர் காட்டிய வீடியோ எல்லாம் இணைத்திருக்கிறேன். 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

இப்படிக்கு,
கும்பகோணம் வாடிக்கையாளர்